கேட்டைப் பூட்டினால் காய்ச்சல் வெளியே நின்றுவிடுமா?

முதியோர் இல்லங்களில் ஃப்ளூ ஊசி போடுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால் ஊசியைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, எல்லாருக்கும் கேட்டைப் பற்றித்தான் கவலை. இல்லத்தில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றதும் வாசலைப் பூட்டிவிடுகிறார்கள், அம்மாவைப் பார்க்க முடியவில்லை, அப்பா போனில் பேசமாட்டேன் என்கிறார், இப்படி. அதனால் மூட்டுவலி, சர்க்கரைக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், அம்மாவுக்கு 78 வயது. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார். வாரம் இரண்டு தடவை போய்த் தலை வாரிவிட்டு, மத்தியானச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருவேன். பத்து நாளைக்கு முன்னால் "காய்ச்சல் காரணமாக மறு அறிவிப்பு வரும்வரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆயா ரகசியமாகச் சொன்னார். சண்டை போட்டால் கோபத்தை அம்மாவிடம் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, வில்லாபுரம்)

பதில்: பத்து நாளில் ஒரே ஒரு மெசேஜ் என்று படித்ததும் எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இல்லத்துக்காரர்களின் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம், ஒரே ஹாலில் பத்துக் கட்டில் போட்டிருக்கிற இடத்தில் ஒருவர் இருமினால் வரிசையாகப் படுப்பார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனது நம் மதுரையில்தான், 2020 மார்ச் 25, ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில். அந்த வருடம் இல்லம் நடத்தியவர்கள் பலருக்கு அந்தப் பயம் இன்னும் விட்டபாடில்லை, காய்ச்சல் என்று காதில் விழுந்ததும் கை தானாகப் பூட்டுக்குப் போகிறது.

சரி, பூட்டட்டும். ஆனால் பூட்டுக்கு ஒரு தேதி இருக்க வேண்டும், பூட்டிய பிறகு உள்ளே இருப்பவர்கள் யாரோடு பேசுவார்கள், யார் கையால் சாப்பிடுவார்கள் என்பதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அதை நோய்த்தடுப்பு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், நிர்வாகத்துக்கு அது வசதி, அவ்வளவுதான்.

தேதி எப்படிப் போடுவது? ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பிக்கும், அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களிடம் இன்னும் சில நாள் கூடலாம். அதனால் கடைசி ஆளுக்குக் காய்ச்சல் கண்ட தேதியிலிருந்து ஒரு வாரம் புதிதாக யாரும் படுக்கவில்லை என்றால் படிப்படியாகத் திறக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய் "எப்போ சார் திறப்பீங்க" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். என்ன காய்ச்சல், டாக்டர் வந்து பார்த்தாரா, டெஸ்ட் எடுத்தார்களா, கடைசியாகக் காய்ச்சல் வந்தது எந்தத் தேதி, இந்த நாலையும் கேளுங்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் வேண்டாம், பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானம் மூன்று மணி வாக்கில், சாப்பாட்டு வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து மேனேஜரைப் பாருங்கள்.

இன்னொன்று, உங்களை நீங்களே விசிட்டர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். வாரம் இரண்டு நாள் சோறு ஊட்டுகிற ஆள் அந்த இல்லத்தின் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறவர். இந்த வித்தியாசம் புரியாமல்தான் கொரோனா காலத்தில் உலகம் முழுக்க முதியவர்கள் அவதிப்பட்டார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச் 13 அன்று நர்சிங் ஹோம்களில் பார்வையாளர்களை நிறுத்தச் சொன்ன உத்தரவு, நடுநடுவே தளர்ந்து தளர்ந்து, முழுசாக நீங்கியது 2021 நவம்பர் 12 அன்றுதான். நெதர்லாந்துக்காரர்கள் 2020 மே மாதமே 26 இல்லங்களில், ஆளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் என்று வைத்துக் கவனமாகத் திறந்து பார்த்தார்கள், அதனால் புதுத் தொற்று எதுவும் வந்ததாகத் தெரியவில்லை, முதியவர்களின் மனநிலை தேறியது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து இல்லவாசிகள் சொந்தக்காரர்களைப் பார்க்கும் உரிமை ஒரு விதியாகவே வந்துவிட்டது. நாம் கேட்பதும் அதேதான்: ஆளுக்கு ஒருவர், பேர் எழுதி, நிபந்தனையோடு.

அதனால் ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள். நான் ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறேன் (போடவில்லை என்றால் முதலில் போடுங்கள், வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்). தொண்டை லேசாகக் கரகரத்தால்கூட வரமாட்டேன். மாஸ்க் போட்டு, சோப்பில் கை கழுவி, நேராக அம்மா கட்டிலுக்குப் போய், ஊட்டிவிட்டு, வேறு யாரிடமும் நின்று பேசாமல் நேராக வெளியே வந்துவிடுவேன். மத்தியானம் 12 முதல் 1 வரை மட்டும். சாப்பாட்டு நேரத்தில் எந்த இல்லத்திலும் கை பற்றாது, ஊட்ட ஒரு ஆள் வருகிறார் என்றால் மனசுக்குள் சந்தோஷப்படுவார்கள், வெளியில் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அம்மா சாப்பிடவில்லை என்பதை "மகளைத் தேடுகிறார்" என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு ஃப்ளூ உடம்பு சுடாமலேகூட வரலாம். சாப்பாடு இறங்காது, தூங்கிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று பேச்சு குழறும் அல்லது ஆள் மாறிப் பேசுவார்கள். இன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், எடை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஃப்ளூ மருந்து கொடுப்பதாக இருந்தால் முதல் இரண்டு நாளுக்குள் கொடுப்பதுதான் நல்ல பலன் தரும்.

கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களோ என்ற பயம் நியாயமான பயம், அதை நான் லேசாக எடுக்கவில்லை. குரூப்பில் கத்த வேண்டாம். உங்களைப் போல இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் யார் மேலும் தனியாகக் கண் விழாது. அதற்கும் அசையவில்லை என்றால் முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது, மாவட்ட சமூகநல அலுவலர் இருக்கிறார். அதுவரை கேட்டிலேயே ஒரு முழம் மல்லிகைப்பூ கொடுத்துவிட்டு வாருங்கள், பூவில் ஃப்ளூ வராது. அம்மா பூ வைக்கிறவர் இல்லை என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், வாசம் வந்தாலே நீங்கள் கேட்டு வரை வந்துபோனது அவருக்குத் தெரியும்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பா ஆனையூர் பக்கம் ஒரு இல்லத்தில். இல்லத்தில் தொற்று என்று யாரையும் விடாததால் தங்கச்சியும் போக முடியவில்லை, வீடியோ கால் மட்டும்தான். அப்பாவுக்குக் காது மந்தம். போன் வந்ததும் காதில் வைத்துக்கொள்கிறார், எனக்கு அவர் காதும் ஃபேனும்தான் தெரிகிறது. "நல்லா இருக்கேன், வச்சிரு" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: போன் என்றால் காதில் வைப்பதுதான் என்று ஐம்பது வருடம் பழகிய கை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. போனை அவர் கையில் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு போன் ஸ்டாண்ட் கிடைக்கிறது, மேசையில் அவர் கண் உயரத்துக்கு வைத்து, சார்ஜர் ஒயரோடு அங்கேயே விட்டுவிட வேண்டும். அதோடு ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். போனிலிருந்து வரும் சத்தம் வயதானவர்களுக்குக் கீச்சென்றுதான் கேட்கும், ஸ்பீக்கரில் கொஞ்சம் கனமாக வரும். காது மந்தமானவர்களுக்கு முதலில் போவது மேல்ஸ்தாயிச் சத்தம், நாம் கத்தும்போது குரல் மேலே ஏறுகிறது, அதனால் கத்தக் கத்த இன்னும் புரியாமல் போகிறது. குரலைத் தாழ்த்தி, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அப்பாவுக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. காது மெஷின் வைத்திருக்கிறாரா? இருந்தால் பேட்டரி தீர்ந்து போயிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும், பூட்டிய இல்லங்களில் மாதக்கணக்கில் மெஷின் டிராயரில் கிடக்கும். கடைக்குப் போய் பேட்டரி வாங்கிக்கொண்டு வருவது மகனோ மகளோதானே, அவர்கள் உள்ளே வரவில்லை என்றால் அதுவும் வராது.

அப்புறம் பேச்சு. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, உடம்பு எப்படி" என்று நாம் கேட்பதெல்லாம் ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகள். நாள் முழுக்க ஒரு அறைக்குள் இருக்கிற மனிதரிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதனால்தான் வச்சிரு என்கிறார். நீங்கள்தான் ஏதாவது கொண்டுபோக வேண்டும். உங்கள் தெருவைக் காட்டுங்கள், நீங்கள் சமைத்ததைக் காட்டி உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேளுங்கள், பத்திரத்தில் சர்வே நம்பர் எது என்று கேளுங்கள், பேரப்பிள்ளையின் கணக்கைப் போடச் சொல்லுங்கள். வயலோ கடையோ வைத்திருந்தவர் என்றால் அதைப் பற்றி ஆலோசனை கேளுங்கள், நீங்கள் செய்யப்போவது வேறாக இருந்தாலும் பரவாயில்லை. சும்மா இருவரும் ஒன்றாக டிவி பார்த்தாலும் போதும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது. 2020-இல் சித்திரைத் திருவிழா நின்றுபோய் மீனாட்சி திருக்கல்யாணத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள், அந்தந்த வீட்டில் உட்கார்ந்து போனில் "தாலி கட்டியாச்சா" என்று கேட்டுக்கொண்டே பார்த்த குடும்பங்கள் எத்தனையோ.

நேரத்தை மாற்றாதீர்கள். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரத்தைவிட தினமும் பத்து நிமிடம் மேல். சிங்கப்பூர் மணி இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, நீங்கள் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் இங்கே ஆறு, விளக்கு வைக்கும் நேரத்தில் சிலருக்கு மனம் குழம்பும், அப்பா அப்படிப்பட்டவர் என்றால் விடுமுறை நாளிலாவது இங்கே காலை பத்து, பதினொன்றுக்குக் கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்கு ஸ்டாண்டில் போனை வைத்துவிட ஒரு ஆளை இல்லத்தில் பேசி வையுங்கள். "யாராவது வைப்பாங்க" என்றால் யாரும் வைக்கமாட்டார்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் 32 பேர் இருக்கும் ஒரு சிறிய இல்லத்துக்கு நான் மேனேஜர். பூட்டினால் வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள், திறந்து வைத்து யாருக்காவது ஏதாவது ஆனால் அதற்கும் எங்களைத்தான் திட்டுவார்கள். போன மழைக்கு இரண்டு பேருக்கு டெங்கு, அப்போதும் மூடினோம். என்னதான் செய்வது? (வாசகர், மேலூர்)

பதில்: டெங்குவுக்கு ஏன் சார் கேட்டை மூடினீர்கள்? அது கொசுக்கடியில் வருவது, பார்க்க வந்த மகளிடமிருந்து வராது, மகளுக்கும் போகாது. காய்ச்சல் உள்ளவரைப் பகலிலும் கொசு வலைக்குள் வைத்து, தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் கவிழ்த்திருந்தால் போதும், அதற்கு இரண்டு விசிட்டர் கூடவே வந்திருந்தால் ஒத்தாசையாகக்கூட இருந்திருக்கும். எந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போடுவதில்தான் பாதிப் பிரச்சினை. அக்கி வந்தவர் ஒருவர் இருந்தால், கொப்புளத்தைத் துணியால் மூடி வைத்தால் பயமே குறைவு, இதுவரை சின்னம்மை வராதவர்களும் கர்ப்பிணிகளும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் கிட்டப் போகாமல் இருந்தால் சரி (மேலே காவியில் எழுதுவதை எழுதட்டும், டாக்டர் மாத்திரையையும் மூன்று நாளுக்குள் தொடங்கட்டும்). சின்னம்மை என்றால் விஷயம் வேறு, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது காற்றிலேயே பரவும், ஏற்கனவே அம்மை வந்துபோன சொந்தக்காரர் மட்டும் வரலாம். சிரங்கு என்றால் ஒரே நாளில் எல்லாருக்கும், பணியாளர்களுக்கும் சேர்த்து மருந்து பூச வேண்டும், ஒருவரை மட்டும் ஒதுக்கி வைப்பதில் பயனில்லை, மருந்து பூசிய மறுநாள் பொதுவாகப் பழகலாம். வாந்தி பேதி பரவினால் சானிடைசர் பாட்டிலை நம்பாதீர்கள், அதை உண்டாக்கும் வைரஸ்கள் பலவற்றுக்கு அது கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான், தரைக்கு ப்ளீச்சிங் கரைசல். வாந்தி பேதி நின்று இரண்டு நாள் வரை அவர்களைத் தனியே வையுங்கள், சமையற்கட்டுப் பக்கம் விடாதீர்கள்.

நிஜமாகவே கேட்டைப் பற்றி யோசிக்க வேண்டியது ஃப்ளூ, கொரோனா மாதிரி மூச்சில் பரவுபவைக்குத்தான். அதற்கும் உங்களிடம் ஒரு பெரிய சொத்து இருக்கும், வாசலில் ஒரு வேப்ப மரம். மூடிய அறையைவிட வெளியில் பரவுவது மிகவும் குறைவு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஆறடி தள்ளிப் போடுங்கள், காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து ஆறரை. உச்சி வெயிலில் உட்கார வைத்துவிட்டு மயக்கம் வந்தால் அதற்கும் காய்ச்சல் பேர்தான் வைப்பார்கள். ஒருவருக்கு அரைமணி, முன்கூட்டியே பேர் எழுதி. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, ஊட்டிவிட ஆள் வேண்டியவர்களுக்கு, மனக்குழப்பம் உள்ளவர்களுக்கு, பேர் எழுதிய ஒரே ஒருவர் மாஸ்க்கோடு உள்ளே வரலாம் என்று வையுங்கள், அவருக்கு முடியாத நாளுக்கு மாற்றாக ஒரு பேர். உள்ளே இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசு வரும் என்று அடைத்து வைக்கிறார்கள், வலை அடித்தால் முடிந்தது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது.

உள்ளே இருப்பவர்களைத் தனித்தனி அறையில் அடைக்கிற வேலையையும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். நோயாளியை ஒதுக்குவது சரி. மற்றவர்களை நாலு பேர், ஐந்து பேராகப் பிரித்து, அதே நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடட்டும், ஒன்றாக உட்கார்ந்து தாயம் ஆடட்டும், அடுத்த கூட்டத்தோடு மட்டும் கலக்க வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே ஆயா. தொற்று அந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கும், பேச்சுத்துணையும் இருக்கும்.

திட்டு எப்படிக் குறையும் என்று கேட்டால், தினமும் மாலை ஐந்து மணிக்கு குரூப்பில் ஒரு குரல் பதிவு போடுங்கள்: இன்று காய்ச்சல் எத்தனை பேர், புதிதாக எத்தனை, ஆஸ்பத்திரியில் எத்தனை, அடுத்து எப்போது முடிவெடுப்போம். பேரைச் சொல்ல வேண்டாம். கெட்ட செய்தியானாலும் போடுங்கள், ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் வீட்டில் இருப்பவர்கள் மோசமானதை எல்லாம் கற்பனை செய்துகொள்வார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விதியே வேண்டாம். ஒருவருக்குக் கடைசி நேரம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன தொற்று ஓடிக்கொண்டிருந்தாலும் பிள்ளைகளை உள்ளே விடுங்கள், மாஸ்க், கவுன் எல்லாம் போட்டு விடுங்கள், ஆனால் விடுங்கள். வாயில் பால் ஊற்ற மகன் வரக் கூடாது என்று சொன்ன இல்லத்தை அந்தக் குடும்பம் ஏழு தலைமுறைக்கும் மறக்காது, மறக்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: வயது 81, ஓய்வுபெற்ற ஆசிரியர். இல்லத்தில் என் அறைத்தோழருக்கு ஃப்ளூ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆறு நாளாக அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நண்பர் எப்படி இருக்கிறார் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை நாள்? (வாசகர், திருநகர்)

பதில்: ஐயா, ஃப்ளூ தொற்றினால் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் தெரிந்துவிடும். நண்பரைக் கொண்டுபோய் ஆறு நாள் ஆகி, உங்களுக்குக் காய்ச்சல், இருமல், உடம்புவலி, அசதி எதுவும் இல்லை என்றால் வெளியே வர நியாயம் இருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கொரோனாவாக இருந்தால்தான் நாள் கூடும். நண்பரைப் பற்றிக் கேட்கவும் தயங்காதீர்கள். வருத்தப்படுவீர்கள் என்று மறைக்கிறார்கள், அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருப்பது அதைவிட வருத்தம் என்பது இளம் பணியாளர்களுக்குத் தோன்றுவதில்லை. அவருக்கு போன் பேச முடிகிற நிலை என்றால் நம்பர் வாங்கிப் பேசிவிடுங்கள்.

அறைக்குள் இருக்கிற நாளிலும் கால் நடக்க வேண்டும். இந்த வயதில் ஒரு வாரம் படுத்தால் தொடையில் உள்ள வலு இறங்கிவிடும், அப்புறம் பாத்ரூம் போகும்போது விழுகிறார்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், காலை மத்தியானம் மாலை.

எங்கோ ஒரு இல்லத்தில் பார்த்த ஏற்பாடு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மாலையானால் வராந்தாவில் அவரவர் அறை வாசலில் அவரவர் நாற்காலி. யாரும் நிலைப்படியைத் தாண்டுவதில்லை, ஆனால் எட்டுப் பேரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் அரசியல் சண்டை போடுவார்கள். பேப்பர் படிக்கிற குரல் உங்களுடையதாக இருக்கலாமே, நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல்தானே. ராத்திரியில் தூக்கம் வராமல் மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். இல்லத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டதிலிருந்து கிட்ட வந்தாலே கையை ஓங்குகிறார். அறையை விட்டு வெளியே வந்துகொண்டே இருக்கிறார் என்று வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்களாம். (வாசகி, திருமங்கலம்)

பதில்: முதலில் தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லுங்கள், உடனே. தீ பிடித்தால் என்ன ஆகும், விழுந்தால் யார் பார்ப்பார்கள். பூட்டிய கதவை அவர் இன்னும் வேகமாகத் தட்டத்தான் செய்வார். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்துச் சமாளிப்பதையும் டாக்டரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடக்க வேண்டும் என்று தவிக்கிறவருக்கு, மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வராந்தாவையோ முற்றத்தையோ விட்டுக்கொடுத்து, ஒரு ஆள் கூட நடந்தால் போதும். மாஸ்க்குக்கு ஒரு வழி இருக்கிறது. வருகிறவர் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, சிரித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாக உள்ளே வர வேண்டும். பின்னாலிருந்து தொடவே கூடாது. வீடியோ கால் இவருக்குக் குழப்பத்தைத்தான் கூட்டும், உங்கள் குரலில் அவருக்குப் பழக்கமான கதையோ தேவாரமோ பதிவு செய்து கொடுங்கள். நேற்றுவரை இப்படி இல்லை, இரண்டு நாளில் திடீரென்று மாறிவிட்டார் என்றால் அது மறதி நோய் முற்றியதாக இருக்காது, உள்ளே ஏதோ தொற்று இருக்கலாம், உடனே டாக்டர். ஒரே ஒருவரை உள்ளே விடுவோம் என்று இல்லம் சொன்னால் முதலில் விட வேண்டியது உங்களைத்தான்.

கேள்வி: உசிலம்பட்டியில் இருந்து பஸ்ஸில் போய் ஒரு இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். நோய் வந்தால் "வெளியே போயிட்டு வர்ற உங்களாலதான்" என்கிறார்கள். லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள். பாட்டிகள் எங்களைத்தான் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். பேசிக்கொண்டு நின்றால் மேடம் திட்டுகிறார். (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: உங்களால்தான் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் குற்றம் உங்களுடையது இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 தொடக்கத்தில் முதியோர் இல்லங்களில் கொரோனா பரவியபோது, உடம்பு முடியாமலே வேலைக்கு வந்த பணியாளர்களும், ஒரே ஆள் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்ததும் காரணங்களில் சில என்று அங்கே சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. காய்ச்சலோடு வேலைக்கு ஏன் வருகிறார்கள்? வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. கேட்டைப் பூட்டி மகளை நிறுத்துகிற இல்லம், காய்ச்சலுக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் அந்தப் பூட்டைவிட அது அதிகம் காப்பாற்றும். இந்தப் பக்கத்தைக் கிழித்து மேடம் மேசையில் வையுங்கள், நான் எழுதியதாகவே இருக்கட்டும்.

பேசிக்கொண்டு நிற்பதை வேலை இல்லை என்று யார் சொன்னது? வெளி ஆட்கள் வராத நாளில் அந்தப் பாட்டிகளுக்கு மனித முகம் என்று இருப்பது உங்களுடையது மட்டும்தான். கையைப் பிடித்தால் பிடிக்கட்டும், முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், நோய் உள்ளவர் என்றால் கையுறையோடு. தலை வாரும்போது, கால் துடைக்கும்போது, கட்டில் விரிப்பு மாற்றும்போது பேசிவிட்டால் தனி நேரம் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் ஃப்ளூ ஊசி போட்டீர்களா? இல்லம் போட்டுத் தர வேண்டும், கேளுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூட லீவுக்குப் பேரன் பேத்தி வந்திருக்கிறார்கள், இல்லத்தில் என் மாமியாரைப் பார்க்க அழைத்துப் போகலாமா? அங்கே இப்போது யாருக்கும் ஒன்றும் இல்லையாம். (வாசகி, செல்லூர்)

பதில்: தாராளமாக. மூக்கு ஒழுகாத, இருமாத, வயிறு சரியாக இருக்கிற பிள்ளையாகப் பார்த்து அழைத்துப் போங்கள். கிளம்புகிற காலையில் ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், போனதும் கை கழுவ வையுங்கள். ஒன்றுக்குச் சளி என்றால் அதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டிப் போங்கள், சளி பிடித்தது அழும், அதை கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டச் சொல்லலாம். வாங்கிப் போகிற பண்டத்தை மட்டும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சேர்த்து, சர்க்கரை உள்ளவர்களைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.